நெய்த காம்போசிட் உள்ளே உடையும் சத்தம்: ஒலி உமிழ்வுச் சோதனையை முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

கண்ணாடியிழைத் துணியை எபாக்சி ரெசினில் (செயற்கைப் பிசினில்) நனைத்து, அடுக்கி, இறுகவைத்த ஒரு காம்போசிட் பட்டையை, பொருள்களை இழுத்துச் சோதிக்கும் யூடிஎம் இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு சதவீதத் திரிபுக்கு, அதாவது நீளம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடும் நிலைக்கு, அருகில் அது முறியும். ஆனால் உள்ளுக்குள் முதல் விரிசல்கள் 0.3, 0.4 சதவீதத் திரிபிலேயே வந்துவிட்டிருக்கும். விரிசல் திறக்கும் அந்தக் கணத்தில், பொருளில் தேங்கியிருந்த மீள் ஆற்றலில் கொஞ்சம் அலையாகக் கிளம்பி ஓடும். மேற்பரப்பில் ஒட்டிய சென்சார் அந்த அலையைப் பிடித்து மின்னழுத்தமாக மாற்றித் தரும். ஒலி உமிழ்வுச் சோதனை என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

இந்த அலைகள் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் 1 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் இருப்பவை, காதுக்கு எட்டாதவை. நம் காதுக்கே 'டிக் டிக்' என்று கேட்கத் தொடங்கும்போது பட்டையின் கதை கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

அல்ட்ராசோனிக் சோதனையில் நாம் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைப் பார்க்கிறோம். இங்கே சேதமே அலையை அனுப்புகிறது. இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. பட்டையின் எந்த மூலையில் உடைந்தாலும் சென்சார் நகராமலே கேட்கும் என்பது வசதி. தொல்லை என்னவென்றால், வளராமல் சும்மா கிடக்கும் காற்றுக்குமிழியோ பழைய விரிசலோ பேசவே பேசாது. அப்புறம், ஒரு விரிசல் ஒரே ஒரு தடவைதான் பிறக்கும். தவறவிட்டால் அதே பட்டையில் மறுபடி கேட்க வழியில்லை. அதனால் இந்தச் சோதனையில் பாதி வேலை இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்வோம்: சாதா நெசவுக் கண்ணாடியிழை, எபாக்சி, இழுவிசைச் சோதனை, இரண்டு சென்சார். கார்பன் இழைக்கு எங்கே மாறும் என்பதை இடையிடையே சொல்கிறேன்.

உள்ளே எது எப்போது உடைகிறது

சென்சாரை எடுப்பதற்கு முன் துணியைப் பாருங்கள். பாவு நூலின் திசையில் இழுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஊடை நூல்கள் இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கின்றன. குறுக்கே கிடக்கும் நூலில் இழைகளால் பயன் இல்லை. இழைக்கும் ரெசினுக்கும் இடையிலுள்ள பிடிப்புதான் சுமையைத் தாங்க வேண்டும். அதனால் முதல் விரிசல் ஊடை நூலுக்குள் வருகிறது. தகைவு–திரிபு வரைகோடு (தகைவு என்பது குறுக்குப் பரப்பில் விழும் சுமை) அந்த இடத்தில் லேசாக முழங்கால் மடிந்ததுபோல வளையும்.

அடுத்து, பாவு நூல். நெசவில் அது மேலும் கீழும் வளைந்து வளைந்து போகிறது. இழுக்க இழுக்க நேராகப் பார்க்கும். நேராகும்போது, ஊடை நூலைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்து ரெசினை நெம்பும். அங்கே சிறு சிறு அடுக்குப் பிரிதல்கள் உண்டாகும். பிறகு பாவு நூலுக்குள் நீளவாக்கில் விரிசல், இங்கொன்றும் அங்கொன்றுமாக இழை அறுதல், கடைசியில் கொத்துக் கொத்தாக இழைகள் போய்ப் பட்டை முறியும்.

நெய்யாத, ஒரே திசை இழை அடுக்குகளில் குறுக்கு விரிசல் பட்டையின் முழு அகலத்துக்கும் ஓடிவிடக்கூடும். நெசவில் நூல் மாறும் இடங்கள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே பெரிய விரிசல் சில என்பதற்குப் பதிலாகச் சின்ன விரிசல் நிறைய வரும். ஒலியும் அப்படியே, சின்னச் சின்னதாக நிறைய வரும். சாட்டின் நெசவில் நூல் மாறும் இடங்கள் குறைவு, நூலின் வளைவும் குறைவு. அதனால் ஒரே ரெசின், ஒரே இழை என்றாலும் சாதா நெசவோடு அதன் ஒலிப் பதிவை அப்படியே ஒப்பிட முடியாது.

இந்த வரிசை உங்கள் மனதில் இருக்க வேண்டும். பின்னால் கணினித் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வந்து நிற்கும்போது, எது நம்பத் தகுந்தது என்று சொல்ல இதுதான் உதவும்.

பட்டை தயாரித்தல்

பாலிமர் காம்போசிட் இழுவிசைச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி3039 என்ற தரநிலை இருக்கிறது. நெய்த துணிக்கு அது பரிந்துரைப்பது 250 மிமீ நீளம், 25 மிமீ அகலம், 2.5 மிமீ தடிமன். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும் எல்ஒய் 556 எபாக்சியும் எச்ஒய் 951 ஹார்டனரும், எடையில் 100-க்கு 10 என்ற விகிதத்தில், இதற்குப் போதும். எத்தனை அடுக்கு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள துணி, கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.54 கிராம், இழையின் பங்கு கன அளவில் பாதி என்றால் ஓர் அடுக்கு சுமார் 0.47 மிமீ வரும். ஐந்து அடுக்கு போட்டால் 2.4 மிமீ.

பட்டையின் அகலத்துக்குள் நெசவின் அமைப்பு குறைந்தது இரண்டு மூன்று முறையாவது திரும்ப வர வேண்டும். தடித்த நூல் துணியாக இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து, தேவைப்பட்டால் அகலத்தைக் கூட்டுங்கள்.

இரு முனைகளிலும் 50 மிமீ நீளத்துக்குக் கண்ணாடியிழைத் தாங்குபட்டைகளை ஒட்டுங்கள். வெறும் பட்டையை கிரிப்பின் பற்கள் கடிக்கும்போது ரெசின் நொறுங்கும் சத்தம் உங்கள் பதிவில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விரிசல் என்று எண்ணி வரைபடம் போட்டவர்கள் நிறையப் பேர்.

ஒரு பக்க விளிம்பை 1000 நம்பரோ அதைவிட நைசானதோ ஆன உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றி வையுங்கள். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், சோதனை முடிந்தபின் மெருகேற்றினால் நுண்ணோக்கியில் தெரியும் விரிசல் இழுத்ததால் வந்ததா, தேய்த்ததால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

சென்சாரும் மற்றதும்

சென்சாரில் இரண்டு வகை. ஒத்ததிர்வு வகை, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில், வழக்கமாக 150 கிலோஹெர்ட்ஸ் சுற்றில், மிகக் கூர்மையாகக் கேட்கும். அகலப்பட்டை வகை 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகக் கேட்கும், ஆனால் உணர்திறன் குறைவு. விரிசல் எப்போது தொடங்குகிறது, எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதுமென்றால் முதல் வகை நல்லது. அதிர்வெண்ணை வைத்து ஏதாவது சொல்லப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வகைதான் வேண்டும். 150 கிலோஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுச் சென்சாரை ஒட்டிவிட்டு, "சிக்னல்கள் பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸில் இருந்தன, ஆகவே ரெசின் விரிசல்" என்று எழுதினால், நீங்கள் அளந்தது சென்சாரை.

சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் கணக்கில் இருப்பதால் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வேண்டும். இந்தத் துறையில் வீச்சை டெசிபெல்லில் சொல்வார்கள். சென்சார் முனையில் 1 மைக்ரோவோல்ட் என்பது 0 டெசிபெல். 40 டெசிபெல் என்றால் 100 மைக்ரோவோல்ட், 60 என்றால் 1 மில்லிவோல்ட், 100 என்றால் 100 மில்லிவோல்ட். 40 டெசிபெல் ப்ரீஆம்ப் நூறு மடங்கு பெருக்கும். அப்படியானால் 100 டெசிபெல் சிக்னல் 10 வோல்ட்டாக வரும், பல கருவிகளின் உச்சவரம்பே அதுதான். கடைசி நேரத்தில் இழைக்கொத்து அறும்போது வரும் சிக்னல்கள் எல்லாம் 99, 100 டெசிபெல்லில் மொட்டையாக வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். பெருக்கத்தைக் குறைத்து இன்னொரு பட்டையை இழுங்கள்.

அலைவடிவத்தை நொடிக்கு 50 லட்சம் அல்லது ஒரு கோடி மாதிரிகள் என்ற வேகத்தில் பதியுங்கள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கணக்கே வராது. முழு அலைவடிவத்தையும் சேமியுங்கள், வெறும் எண்களை மட்டும் அல்ல. வட்டு இடம் மலிவு. பட்டை திரும்பக் கிடைக்காது.

ஒட்டுவதும் பென்சில் முனை உடைப்பதும்

புதிதாக வருபவர்கள் அவசரப்படும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சென்சாரின் பீங்கான் முகத்துக்கும் பட்டைக்கும் நடுவில் காற்று இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். வெற்றிடக் கருவிகளுக்குப் போடும் சிலிக்கோன் கிரீஸ் இதற்கு நல்லது. ஸ்கேன் எடுக்கும் ஜெல் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு பொட்டு வைத்து, சென்சாரை லேசாகத் திருகி அழுத்தினால் கிரீஸ் மெல்லிய படலமாகப் பரவும். துணியின் நூல் தடம் மேற்பரப்பில் தெரிந்தால் பள்ளங்களில் காற்று நிற்கும். அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள், இழை வெளியே வரும்வரை போகவேண்டாம். பிடித்துக்கொள்ள சின்ன ஸ்பிரிங் கிளிப், இல்லாவிட்டால் துணி காயப்போடும் கிளிப் போதும். கேபிளைத் தனியாக டேப் போட்டுக் கட்டுங்கள், அதன் எடை சென்சாரை இழுக்கக்கூடாது.

நம் பட்டையில் தாங்குபட்டைகளுக்கு நடுவே 150 மிமீ இருக்கிறது. சென்சார்களின் மையங்களுக்கு இடையே 100 மிமீ இருக்கும்படி, நடுவிலிருந்து இரு பக்கமும் 50 மிமீ தள்ளி ஒட்டுங்கள்.

இப்போது மைக்ரோ-டிப் பென்சிலை எடுங்கள். 0.5 அல்லது 0.3 மிமீ தடிமன், 2எச் கடினம் உள்ள முனை. சுமார் 3 மிமீ வெளியே நீட்டி, மேற்பரப்போடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் வைத்து, முனை முறியும்வரை அழுத்துங்கள். கோணம் மாறாமலிருக்கப் பென்சிலின் நுனியில் ஒரு சின்ன டெஃப்லான் வளையம் மாட்டுவது வழக்கம். ஹ்சு–நீல்சன் மூலம் என்று இதற்குப் பெயர். ஏஎஸ்டிஎம் இ976 இதை விவரிக்கிறது. விலையுயர்ந்த சோதனைக்கூடத்திலும் இந்தப் பென்சில்தான்.

ஒவ்வொரு சென்சாருக்குப் பக்கத்திலும் ஒரே தூரத்தில் நாலைந்து முறை உடையுங்கள். வீச்சு 3 டெசிபெல்லுக்கு மேல் சிதறினாலோ, இரண்டு சென்சாருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தாலோ கழற்றித் துடைத்துத் திரும்ப ஒட்டுங்கள். சோதனை முடிந்தபின் பட்டை உடையாமல் இருந்தால் அப்போதும் இதே வேலையைச் செய்யுங்கள்; நடுவில் சென்சார் நழுவியதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று செய்து பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். ஒரு முனையைப் பட்டையின் மேற்பரப்பில் உடையுங்கள்; இன்னொரு முனையை அதே தூரத்தில், பட்டையின் விளிம்பில், தடிமனின் நடுவில் வைத்து உடையுங்கள். இரண்டு அலைவடிவங்களையும் திரையில் மேலும் கீழுமாக வையுங்கள். விளிம்பில் உடைத்தது வேகமாக வந்து சேரும், கூரிய, உயர் அதிர்வெண் உள்ள அலை. மேற்பரப்பில் உடைத்ததில் முன்னால் ஒரு சின்ன முனகல் போனபின், தாமதமாக, பெரிதாக, தாழ்ந்த அதிர்வெண்ணில் அலைந்து அலைந்து ஒரு சிக்னல் வரும். பென்சில் ஒன்றுதான், முனை ஒன்றுதான், பட்டையும் அதுதான். மெல்லிய தகட்டில் அலைகள் இரண்டு விதமாகப் போகின்றன: தகடு நீண்டு சுருங்கும் விதம், தகடு வளைந்து அசையும் விதம். மூலம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஓங்கும், மற்றது அடங்கும். தகட்டின் தளத்திலேயே திறக்கும் விரிசலும் இழை அறுதலும் முதல் விதத்தை அதிகம் எழுப்பும். அடுக்குப் பிரிதல் இரண்டாவதை. அதிர்வெண்ணை மட்டும் பார்த்து சேதத்துக்குப் பெயர் வைப்பது ஏன் ஆபத்து என்பதை இந்தச் சின்னச் சோதனையைவிட நன்றாக விளக்கும் எதையும் நான் பார்த்ததில்லை.

வாசல் அளவும் மூன்று நேரங்களும்

கருவி எந்த வீச்சுக்கு மேல் வந்ததைச் சிக்னலாக எடுக்க வேண்டும் என்பது வாசல் அளவு. பட்டையை மாட்டி, மிகச் சிறிய சுமை கொடுத்து, ஹைட்ராலிக் பம்பு ஓடட்டும். சில நிமிடம் சும்மா கேளுங்கள். வரும் இரைச்சலின் உச்சத்துக்கு 6 டெசிபெல் மேலே வாசலை வையுங்கள். திருகு இயந்திரத்தில் வழக்கமாக 40 டெசிபெல் போதும்; ஹைட்ராலிக்கில் 45 ஆகலாம்.

அலை ஒன்று வாசலைத் தாண்டியதும் ஒரு 'ஹிட்' தொடங்குகிறது. அது எப்போது முடிந்தது என்று தீர்மானிக்க மூன்று நேர அமைப்புகள் உண்டு. உச்சத்தைத் தேடும் நேரம், ஹிட் முடிந்ததாகக் கொள்ளும் நேரம், அடுத்ததற்குமுன் காத்திருக்கும் நேரம். காம்போசிட்டுக்குப் பரவலாகப் பயன்படுத்துவது முறையே 20 முதல் 50, 100 முதல் 200, 300 மைக்ரோவினாடி. உலோகத்துக்கு வைத்த அமைப்பு கருவியில் அப்படியே கிடந்தால், அது 300, 600, 1000 என்று இருக்கும். அதில் நெசவின் நெருக்கமான விரிசல்கள் இரண்டு மூன்று ஒன்றாக ஒட்டிக்கொண்டு நீளமான ஒரே ஹிட்டாகப் பதிவாகும். வேறொருவர் பயன்படுத்திய கருவியில் உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இது.

சத்தம் நடுவிலிருந்துதான் வருகிறதா

பட்டையில் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது? நீண்டு சுருங்கும் அலைக்கு, விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் தோராயமான விடை கிடைக்கும். நம் கண்ணாடியிழைப் பட்டைக்கு 22 ஜிகாபாஸ்கல், கன மீட்டருக்கு 1900 கிலோ என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 3400 மீட்டர். நெய்த கார்பனுக்கு 60 ஜிகாபாஸ்கல், 1550 கிலோ என்றால் 6200 மீட்டர். வளைந்து அசையும் அலை இதில் பாதிதான் போகும், அதற்கும் குறைவாகவும் போகலாம். கணக்கை நம்பிக்கொண்டு உட்காராமல், இரண்டு சென்சாருக்கும் வெளியே ஒரு பக்கமாக பென்சில் முனையை உடைத்து, 100 மிமீ தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்து உண்மையான வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விரிசலின் இடம். நடுவிலிருந்து 20 மிமீ வலப்பக்கம் ஒரு விரிசல் வந்தால், வலது சென்சாருக்கு 30 மிமீ, இடதுக்கு 70 மிமீ. வித்தியாசம் 40 மிமீ. நேரத்தில் ஏறத்தாழ 12 மைக்ரோவினாடி. சென்சார்களுக்கு வெளியே, கிரிப்பிலிருந்து வரும் சத்தத்துக்கு இந்த வித்தியாசம் எப்போதும் உச்சமாக, ஏறத்தாழ 29 மைக்ரோவினாடியாக இருக்கும். ஆகவே உச்சத்தை ஒட்டி வரும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரு சென்சாரில் மட்டும் வந்ததையும் சேர்க்காதீர்கள். இந்த ஒரு வடிகட்டல் மட்டும் பதிவை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். பல சமயம், ஆரம்பத்தில் வந்த 'விரிசல்கள்' அத்தனையும் கிரிப் சத்தம் என்று தெரியவரும்.

ஒரு சிக்கல் உண்டு. முன்னால் வரும் சின்ன அலை வாசலைத் தாண்டாமல், பின்னால் வரும் பெரிய அலையில் கருவி விழித்துக்கொண்டால் நேரம் தவறாகிவிடும். சேமித்த அலைவடிவத்தில் அகாய்க்கே அளவுகோல் என்ற புள்ளியியல் முறையை வைத்து அலை தொடங்கிய புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிக்கும் நிரல்கள் பைத்தானில் எழுதுவது கஷ்டமில்லை. துல்லியமான இடம் வேண்டுமென்றால் அதைச் செய்துதான் ஆகவேண்டும்.

இழுத்தல்

நிமிடத்துக்கு 2 மிமீ என்பது டி3039 சொல்லும் வேகம். 150 மிமீ நீளத்துக்கு அது நிமிடத்துக்கு 1.3 சதவீதத் திரிபு. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், கடைசியில் ஹிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். நிமிடத்துக்கு 1 மிமீ எனக்குச் சரியாக வரும். சுமை அளவை யூடிஎம்மிலிருந்து மின்னழுத்தமாக எடுத்து ஒலிக் கருவியின் துணை உள்ளீட்டில் கொடுங்கள். இரண்டு கணினியில் தனித்தனியாகப் பதிந்து, பிறகு கடிகாரத்தை வைத்துப் பொருத்தலாம் என்று நினைக்காதீர்கள். திரிபை அளக்கப் பட்டையில் எக்ஸ்டென்சோமீட்டர் (நீட்சிமானி) மாட்டினால் அதன் கத்திமுனை வழுக்கும் சத்தமும் வரும். பட்டையில் ஒட்டும் திரிபுமானியோ, கேமராவால் திரிபை அளக்கும் முறையோ நல்லது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியிழைப் பட்டை முறியும்போது சில்லு பறக்கும், சென்சாரும் பறக்கும். சென்சாரை நூல் கட்டி இயந்திரத்தின் தூணோடு பிணைத்து வைத்தால் கீழே விழுந்து பீங்கான் உடையாது.

நேராக முறியும்வரை இழுப்பது ஒரு வழி. ஏற்றி இறக்கி ஏற்றுவது இன்னொன்று. ஜோசப் கைசர் 1950-இல் மூனிக்கில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், ஒரு சுமைவரை ஏற்றி இறக்கிய உலோகம், மறுபடி அந்தச் சுமையைத் தாண்டும்வரை சத்தமிடுவதில்லை என்று காட்டினார். சேதமடைந்த காம்போசிட் இந்த ஒழுங்கை மீறும். 10 கிலோநியூட்டன்வரை ஏற்றி இறக்கிய பட்டை, அடுத்த முறை 8.5-இலேயே சத்தமிடத் தொடங்கினால் விகிதம் 0.85. இதை ஃபெலிசிட்டி விகிதம் என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது, எத்தனை ஹிட் வந்தது என்று எண்ணுவதைவிடப் பயனுள்ளது. இறக்கும்போது வரும் சத்தம் புது விரிசல் அல்ல, திறந்த விரிசலின் முகங்கள் ஒன்றோடொன்று உரசுவது. அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

பதிவைப் படித்தல்

முதல் வரைபடம் எளிமையானதாக இருக்கட்டும்: கிடை அச்சில் திரிபு, நெடு அச்சில் ஒலி ஆற்றலின் கூட்டுத்தொகை, மடக்கை அளவில். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபான் லோமோவ், இக்னாஸ் வெர்போஸ்ட் ஆகியோரின் குழு நெய்த காம்போசிட்டுகளில் நெடுங்காலமாகப் பின்பற்றிய முறை இது. அந்தக் கோட்டில் மூன்று இடங்களைத் தேடுவார்கள். ஆற்றல் குறைந்த ஹிட்டுகள் தொடங்கும் திரிபு. ஆற்றல் மிகுந்த ஹிட்டுகள் தொடங்கிக் கோடு செங்குத்தாகும் திரிபு. சரிவு இரண்டாம் முறை மாறும் திரிபு. இந்த மூன்று எண்களும் தகைவு–திரிபு வரைகோட்டின் முழங்காலோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். முதல் சோதனைக்கு இதுவே நல்ல அறுவடை. இங்கேயே நிறுத்தி அறிக்கை எழுதினாலும் குறையில்லை.

ஆனால் யாரும் இங்கே நிறுத்துவதில்லை. எந்த ஹிட் ரெசின் விரிசல், எது இழை அறுதல் என்று பிரிக்க ஆசை வரும். இலக்கியத்தில் அதற்கு அதிர்வெண் பட்டியல்கள் தயாராக இருக்கின்றன. இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் கார்பன்–எபாக்சிதான். டி க்ரூட் குழு 1995-இல் ரெசின் விரிசலுக்கு 90 முதல் 180 கிலோஹெர்ட்ஸ், இழை உருவி வருவதற்கு 180 முதல் 240, இழை அறுதலுக்கு 300-க்கு மேல் என்றது. குட்கின் குழு 2011-இல் ரெசின் விரிசலுக்கு 50-க்குக் கீழே, இழை அறுதலுக்கு 400 முதல் 500, உருவி வருவதற்கு 500 முதல் 600 என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. சென்சார் வேறு, தடிமன் வேறு, மாதிரியின் வடிவம் வேறு, சென்சாருக்கு உள்ள தூரம் வேறு. இவை எல்லாம் அதிர்வெண்ணை மாற்றும். ஒரு பட்டியலை எடுத்து உங்கள் பட்டையின் மேல் போர்த்துவது அளவீடு ஆகாது. கட்டுரைகளில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது எனக்கு ஆற்றாமைதான்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால், ஒத்த ஹிட்டுகளைக் கணினியே கொத்தாகச் சேர்க்கும் கொத்துப் பகுப்பாய்வு செய்யலாம். கே-மீன்ஸ் என்ற எளிய முறை போதும். வீச்சு, உச்ச அதிர்வெண், நேரநீளம் போன்ற சிலவற்றை எடுத்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஓட்டுங்கள். வீச்சையும் ஆற்றலையும், அலை வாசலைத் தாண்டிய எண்ணிக்கையையும் ஒன்றாகப் போட்டால், ஒரே விஷயத்துக்கு மூன்று ஓட்டுப் போட்டதாகிவிடும்; ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் அளவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கொத்து என்பதை கொத்துகள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று சொல்லும் டேவிஸ்–போல்டின் குறியீடு, சில்ஹவெட் மதிப்பு இரண்டையும் பார்த்து முடிவுசெய்யுங்கள். பாடப்புத்தகத்தில் நாலு வகை சேதம் இருக்கிறது என்பதற்காக நாலு கொத்து கேட்காதீர்கள். கேட்டால் தரும், கணினிக்குக் கூச்சம் கிடையாது.

கொத்துகள் கிடைத்தபின், முதலில் சொன்ன உடைபடும் வரிசையோடு ஒத்துப்பாருங்கள். 'இழை அறுதல்' என்று நீங்கள் பெயர் வைத்த கொத்து 0.3 சதவீதத் திரிபிலேயே கொத்தாகத் தொடங்கினால் பெயர் தவறு. அதே கொத்து எல்லாப் பட்டைகளிலும் கிட்டத்தட்ட அதே எல்லைகளோடு வரவேண்டும். கேமரா மாதிரி வேறு சாட்சி கிடைக்கும்வரை அவற்றை 'கொத்து 1, கொத்து 2' என்றே அழையுங்கள்.

கண்ணால் பார்ப்பது

கண்ணாடியிழைக்கு ஒரு நல்ல குணம்: பட்டையின் பின்னால் ஒரு எல்இடி விளக்கை வைத்தால் ஒளி ஊடுருவும். ஊடை நூலில் விரிசல் வரும்போது அங்கே மெல்லிய கறுத்த கோடாகத் தெரியும். கைபேசிக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இழுக்கும் நேரம் முழுதும் படம்பிடியுங்கள். முதல் கோடு தெரிந்த திரிபையும் ஒலி தொடங்கிய திரிபையும் ஒப்பிட்டாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். கார்பனில் இந்த வசதி இல்லை.

மீதிக்கு, தனித்தனிப் பட்டைகளை, ஒலி ஆற்றல் கோட்டில் கண்ட அந்த மூன்று திரிபுகளில் நிறுத்தி இறக்கிவிட்டு, மெருகேற்றிய விளிம்பை நுண்ணோக்கியில் பாருங்கள். கையில் வசதி இருந்தால், உள்ளே எக்ஸ்-கதிரால் படமெடுக்கும் மைக்ரோ-சிடி. ஊடை விரிசல் மட்டும் இருக்கிறதா, நூல் மாறும் இடத்தில் பிரிதல் தொடங்கிவிட்டதா என்று நேரடியாகத் தெரியும். வெறும் எபாக்சிப் பட்டை, 45 டிகிரியில் வெட்டிய பட்டை ஆகியவற்றையும் இழுத்து ஒப்பிடுவார்கள். செய்யலாம், ஆனால் பட்டையின் தடிமனும் சென்சார் தூரமும் அதே அளவில் இருந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

பட்டையிலிருந்து பெரிய தகட்டுக்கு

தகடு பெரிதானால், போகப் போக அலை தேய்ந்து வலுக்குறைவது முக்கியமாகிவிடும். பென்சில் முனையை ஒவ்வொரு 50 மிமீ தூரத்திலும் உடைத்து வீச்சு எப்படி இறங்குகிறது என்று, பாவுத் திசை, ஊடைத் திசை, 45 டிகிரி என மூன்று கோட்டில் வரைந்துகொள்ளுங்கள். 45 டிகிரியில் வேகமும் வேறு, வீச்சு இறங்குவதும் வேறு. ஒரே வேகத்தை வைத்து இடம் கண்டுபிடித்தால் விரிசல் இல்லாத இடத்தில் புள்ளி விழும். வீச்சு வாசல் அளவுக்கு இறங்குவதற்கு முன் அடுத்த சென்சார் இருக்க வேண்டும். உயர் அதிர்வெண்தான் முதலில் தேயும் என்பதால், பட்டையில் கண்ட அதிர்வெண் எல்லைகளைத் தகட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே இடம், ஆற்றல், ஃபெலிசிட்டி விகிதம் மூன்றும்தான் கைகொடுக்கும். விமானத் துறைத் தகடுகளுக்கு ஏஎஸ்டிஎம் இ2661 என்றும், கண்ணாடியிழைத் தொட்டிகளுக்கு இ1067 என்றும் தனித் தரநிலைகள் இருக்கின்றன; பட்டை வேலை கைவந்தபின் படியுங்கள்.

பதிவுக் கோப்போடு ஒரு சிறு குறிப்புக் கோப்பையும் சேர்த்து வையுங்கள்: துணியின் நெசவும் எடையும், அடுக்குகள், இழுத்த திசை, சென்சார் வகையும் எண்ணும், ப்ரீஆம்ப் பெருக்கம், வடிகட்டியின் எல்லைகள், வாசல், மூன்று நேரங்கள், மாதிரி வேகம், சென்சார் இடைவெளி, அளந்த அலை வேகம், பென்சில் முனை உடைப்பில் கிடைத்த எண்கள், கேமரா படத்தின் கோப்புப் பெயர்.